நோலீனை டெஸ் போட்டுக்கொடுத்த கதை

நோலீன் கிராவுஸுக்கு நாயோடு பேசத் தெரிந்த அளவுக்கு மனுஷரோடு பேசத் தெரியாது என்று வார்விக் ஊர்ப் பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். மனுஷரோடும் அவள் நன்றாகத்தான் பேசுவாள், கேட்கிறவர்களுக்குத்தான் தாங்காது. ஆட்டுப் பட்டியில் மந்தையை ஓட்டித் திருப்பும் கெல்பி இன நாய்களைப் பழக்கிக் கொடுப்பது அவள் தொழில். பக்கத்து மாநிலத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு நாயோடு வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேரிடம், "நாய் நல்ல நாய். உங்களைத்தான் பழக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவர்களும் சிரித்துக்கொண்டே நாயை விட்டுவிட்டுப் போவார்கள். ஏனென்றால் அவள் சொன்னது உண்மை.

அவளுடைய அப்பா ஊர் ஊராகப் போய் ஆட்டுக்கு ரோமம் வெட்டியவர். அவரோடு அலைந்த வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் நாய், யாருக்கும் வேண்டாம் என்று சுடப்போன நாய். ஆட்டைக் கடித்துக் குதறுகிற நாய். நோலீன் அதைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். கடிக்கிறது அதன் குற்றமில்லை, நிறுத்து என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு நாற்பது சொச்சம் வருஷமாக அவள் செய்த வேலை முழுக்க அதுதான். கிளம்பச் சொல்லிக்கொடுப்பது சுலபம், நாயின் ரத்தத்திலேயே இருக்கிறது. "போதும், வா" என்ற ஒரு சொல்லுக்குத் திரும்ப வைப்பதில்தான் உயிர் போகும்.

அவள் புருஷன் டெஸ் கவுன்சிலில் மண் சாலை சமன் செய்யும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவன். பேச்சு கம்மி. கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அவள் வீட்டு முன்னால் போகிற சாலையை மட்டும் தேவைக்கு மேல் பல தடவை சமன் செய்தான். கவுன்சிலில் யாரோ கேட்டதற்கு, "அங்க மண்ணு சரியில்ல" என்றான். அந்தச் சாலையில் அன்றைக்குத் தட்டு நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டினாலும் சிந்தியிருக்காது.

முடி வெட்டுகிற பெண்தான் நோலீனின் தோளுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை முதலில் பார்த்தாள். இந்த நாட்டு வெயிலில் கையில்லாத பனியனோடு ஐம்பது வருஷம் நின்றவளுக்கு மச்சத்துக்கா பஞ்சம்? வெட்டி எடுத்தார்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்றார்கள், முழுக்க எடுத்தாயிற்று என்றார்கள். அவளும் மறந்துவிட்டாள். மூன்று கோடைக்காலம் கழித்து அக்குளில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள், ஈரலில் ஒன்று. டூவூம்பா மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் பெர்னி அவர்கள் இருவரையும் உட்காரவைத்து, கொடுக்கப்போகிற மருந்தைப் பற்றிச் சொன்னாள். பெர்னிக்கு ஐம்பது வயதிருக்கும். அவளும் ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள்தான்.

"உங்க உடம்புக்குள்ள கொல்ற செல்லுன்னு ஒரு கூட்டம் இருக்கு, நோலீன். டி செல்லுல ஒரு வகை. கெட்டுப்போன செல்லத் தொட்டுப் பார்த்து, அது உள்ள விஷத்த ஏத்திக் கொன்னுட்டு அடுத்ததுக்குப் போயிடும்."

"அப்படி ஒரு கூட்டத்த வச்சிக்கிட்டா நான் இப்படி உக்காந்திருக்கேன்?"

"அதுங்க தானா கிளம்பாது. கழுத்துல, அக்குள்ல நெறி கட்டும்ல, அந்த முடிச்சுக்குள்ளதான் காத்துக் கிடக்கும். ஊர் சுத்துற செல் ஒண்ணு கெட்டதோட ஒரு துணுக்க எடுத்துட்டு வந்து அதுங்ககிட்டக் காட்டும். காட்டினா மட்டும் பத்தாது. 'இது நெசமாவே ஆபத்து, போ'ன்னு கூடவே இன்னொரு சைகையும் கொடுக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் எந்திரிக்கும். எந்திரிச்சா ஒண்ணு ஆயிரமா பெருகிடும்."

"காட்டிட்டு, போன்னு சொல்லலன்னா?"

"படுத்துடும். அதுக்கப்புறம் அதே துணுக்க எத்தன தடவ காட்டினாலும் அசையாது."

"என்கிட்ட வந்துச்சு அப்படி ஒரு நாய்," என்றாள் நோலீன். "பழைய முதலாளி தெனம் ஆட்டக் காட்டிக் காட்டி சங்கிலியிலயே போட்டு வச்சிருந்தான். ஒரு நாள்கூட போன்னு சொல்லல. ஆடு மூக்குல வந்து முட்டினாலும் கண்ணத் தொறக்காது. சரி, மேல சொல்லு."

பெர்னிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "வேல முடிஞ்சா நிறுத்தணுமில்ல? அதுக்கு அந்தச் செல்லுங்க மேலயே பிரேக்கு இருக்கு. முடிச்சுக்குள்ள இருக்கும்போது ஒரு பிரேக்கு, வெளிய வேல செய்ற எடத்துல இன்னொண்ணு. உங்க புத்துநோய் என்ன பண்ணுதுன்னா, கொல்ல வர்ற செல்லோட பிரேக்க இதுவே அமுக்கி 'போதும், போதும்'னு சொல்லித் திருப்பி அனுப்பிடுது."

"திருட்டுப் பய."

"நாங்க போடப்போற ரெண்டு மருந்தும் அந்தப் பிரேக்க அமுக்க விடாது."

"அதாவது, 'போதும், வா'ன்னா என் நாய்ங்களுக்குக் காது கேக்காமப் பண்ணப்போற. புத்து சொன்னாலும் கேக்காது, நான் சொன்னாலும் கேக்காது."

"அதேதான். அதுலதான் பயமும். குடல், தோல், ஈரல், எதையாச்சும் கடிக்க ஆரம்பிச்சிடலாம். வயித்தால போச்சுன்னா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும். மறுநாள் இல்ல, அன்னைக்கே." பெர்னி டெஸ் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." டெஸ் தலையை ஆட்டினான். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த மருந்தை நரம்பில் டிரிப்பாக ஏற்றினார்கள். முதலாவது போனது தெரியவில்லை. இரண்டாவது முடிந்த மறு வாரம், குளித்துவிட்டு வந்த நோலீன் சமையலறையில் நின்று கையைத் தூக்கினாள். "டெஸ், இங்க வா. தொட்டுப் பாரு." டெஸ் அக்குளில் விரலை வைத்துத் தேடினான். கோழிமுட்டை போய் பாதாம்கொட்டை அளவில் ஏதோ நழுவியது. "என்ன சொல்ற?" என்றாள். "சின்னதாயிடுச்சு," என்றான் டெஸ். "சின்னதாயிடுச்சாம். ஓடிப்போயிடுச்சுடா அது, என் பசங்க தொரத்துறாங்க." அன்று முழுக்க அவள் சீட்டியடித்துக்கொண்டே இருந்தாள். பட்டியிலிருந்த நாய்கள் எல்லாம் எந்தக் கட்டளைக்குப் போவது என்று தெரியாமல் குழம்பின. டெஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் வயிறு போக ஆரம்பித்தது.

முதல் நாள் வேல் சுட்டுக் கொடுத்தனுப்பிய மீன் பலகாரத்தின்மேல் பழி விழுந்தது. வேல் அடுத்த பண்ணைக்காரி, அவள் சமையலின்மேல் பழிபோட நோலீனுக்குக் காரணமே வேண்டாம். இரண்டாம் நாளும் நிற்காதபோது மீன்மேல் எப்படிப் பழி போடுவது? டெஸ் போனை எடுத்தான். நோலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"அன்னைக்கேன்னு சொன்னாங்க, நோல்."

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. தொட்டுப் பாத்தேல்ல? வேல செய்யுது, டெஸ். வியாழக்கிழமை மூணாவது டிரிப்பு. அதப் போட்டுக்கிட்டு நானே சொல்றேன். இந்த எடத்துல நிறுத்தினா அது திரும்பி வரும், நான் செத்துப்போயிடுவேன்." அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் கெஞ்சி டெஸ் கேட்டதே இல்லை. "சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்றான்.

அன்று மத்தியானமே பெர்னி வழக்கமான விசாரிப்புக்குப் போன் செய்தாள். இந்த ஊர்க்காரர்களைப் போனில் நலம் விசாரிப்பதைப் போல வீண் வேலை வேறெதுவும் இல்லை. டிராக்டர் காலில் ஏறி நின்றுகொண்டிருக்கும்போது கேட்டாலும் "மோசமில்ல" என்பான். வெள்ளத்தில் வீடே போனவன் "கொஞ்சம் ஈரம்" என்பான். புலம்புகிறவனுக்கு இங்கே மரியாதை கிடையாது. தாய்ப்பாலோடு ஊட்டிவிடுகிறார்களோ என்னவோ.

"மோசமில்ல, கண்ணு," என்றாள் நோலீன்.

"வயிறு?"

"தபால்காரன் மாதிரி. நேரத்துக்கு வருது, நேரத்துக்குப் போகுது."

டெஸ் அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் போனைக் கொடுக்கச் சொல்லிப் பெர்னி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ.

இங்கே இன்னொரு சட்டமும் உண்டு, முதல் சட்டத்தைவிடப் பெரியது. யாரையும் போட்டுக்கொடுக்கக் கூடாது. திருடினவனைக்கூட ஒரு நாள் மன்னிப்பார்கள், போட்டுக்கொடுத்தவனை அவன் சவ ஊர்வலத்தன்றும் மன்னிக்க மாட்டார்கள். டெஸ் பள்ளியில் படித்தபோது வாத்தியார் காரின் கண்ணாடியைக் கூட்டாளி ஒருவன் உடைத்தான். யாரென்று சொல்லச் சொல்லி டெஸ்ஸின் உள்ளங்கையில் பிரம்பால் அடித்தார்கள். சொல்லவில்லை. அந்தக் கூட்டாளி இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி பீரோடு வருகிறான். அப்படிப்பட்ட மனுஷன், அவனை நம்பிப் பிடித்த கையை உதறிவிட்டு, கட்டின பெண்டாட்டியைப் போட்டுக்கொடுப்பானா?

அவனால் முடிந்ததெல்லாம் படுக்கை விரிப்பு துவைப்பது. துவைத்தான், காயப்போட்டான், மறுபடி துவைத்தான். சோற்றுக் கஞ்சி வைத்துக் கொடுத்தான், அவள் பால் கலக்காத டீயோடு நிறுத்திக்கொண்டாள். புதன்கிழமை காலையில் துண்டில் ரத்தம் பார்த்தான். அவன் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். "மூலம்," என்றாள். "உனக்கு எப்ப மூலம் இருந்துச்சு?" என்றான் டெஸ். "உன்னக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து," என்றாள் நோலீன். வாய் மட்டும் ஓயவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், கைத்தடி மாதிரி ஆகியிருந்தாள்.

அந்த நிலைமையிலும் பட்டிக்கு இறங்கினாள். டஃப் என்ற இளம் நாய்க்கு அன்று பயிற்சி, வாங்குகிறவர் மாதக் கடைசியில் வருகிறார். டஃப் ஆடுகளை ஓரம்கட்டி வேலியில் நெருக்கியது. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் ஆட்டுக்குக் கால் முறியும். நோலீன் "போதும், வா" என்றாள். டஃபுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கேட்டில் நின்ற டெஸ்ஸுக்கே அது கேட்கவில்லை, வாய் அசைந்ததைத்தான் பார்த்தான். மூன்று பண்ணை தாண்டிக் கேட்கிற குரல் அது. பிறகு அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் புழுதியில் உட்கார்ந்தாள்.

டெஸ் உள்ளே ஓடிப்போய் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டினான். அவளைத் தூக்கினான். அவ்வளவு லேசாக இருந்தாள். சோபாவில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, "தண்ணி மோட்டாரப் பாத்துட்டு வர்றேன்," என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு சாலை ஓரத்து கேட்டு வரைக்கும் போனான். அங்கே நிறுத்திப் போனை எடுத்தான்.

"பெர்னி, டெஸ் பேசுறேன்."

"சொல்லுங்க, டெஸ்."

"இங்க இன்னும் மழ இல்ல."

"சரி."

"டூவூம்பால பெஞ்சுதா?"

"டெஸ், மழையப் பத்திப் பேசவா போன் பண்ணீங்க?"

அவன் வண்டியின் ஸ்டீரிங்கைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். எந்த நாள் ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, துண்டில் ரத்தம், தபால்காரன் பொய், எல்லாம். ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல, ஒரு கெட்ட காரியம் செய்கிறவனின் குரல்தான் அவனுக்கே கேட்டது. பெர்னி திட்டவில்லை. "இப்பவே கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்கிட்டச் சொல்லிடுறேன். வழியில எங்கயும் நிறுத்தாதீங்க," என்றாள்.

வண்டியில் பாதி வழி வரைக்கும் நோலீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "மோட்டார் எப்படி இருக்கு?" என்றாள்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல."

"பெர்னிகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"போட்டுக்கொடுத்துட்ட."

"ஆமா, நோல்."

"நீயா?"

"நான்தான்."

டூவூம்பா போய்ச் சேரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

டாக்டர் ஹமீதி சின்ன உருவம், அமைதியான பெண். கேமராவை உள்ளே விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "நோலீன், உங்க குடல் உள்பக்கம் முழுக்க ரணமா இருக்கு. நீங்க பெர்னிகிட்ட சொன்னீங்களே காது கேக்காத நாய்னு, அதுங்க பண்ணதுதான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஓட்ட விழுந்திருக்கும். அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதுங்கள அடக்க ஸ்டீராய்டு ஏத்துறோம்."

"நாளைக்கு எனக்கு டிரிப்பு."

"நாளைக்கு இல்ல. இந்த மருந்து உங்களுக்கு இனி எப்பவுமே இல்ல. திரும்பக் கொடுத்தா இதே மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்தாயிடும்."

நோலீன் டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டில் காலடியில் தொப்பியோடு நின்றவனைப் பார்த்தாள். "என்னக் கொன்னுட்ட, டெஸ்," என்றாள். சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

டெஸ் வெளியே வந்து டீ போடுகிற சின்ன அறையில் உட்கார்ந்தான். பெர்னி வந்து டீயில் அவன் கேட்காமலே மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அவன் கோப்பையை மேஜையிலேயே வைத்துவிட்டான்.

"அறுபத்தொம்பது வயசுல போட்டுக்கொடுக்கிறவன்னு பேரு வாங்கிட்டேன்," என்றான்.

"வாங்கினா வாங்கிட்டுப் போங்க. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, டெஸ்? நம்ம உடம்புல பெரும்பாலும் எல்லாச் செல்லும் அந்த வேலயத்தான் பண்ணுது. உள்ள என்ன நடக்குதோ அதோட ஒரு துணுக்க எடுத்து வெளித்தோல்ல மாட்டி வச்சிக்கும். துணி காயப்போடற மாதிரி. 'எனக்குள்ள வைரஸ் பூந்துடுச்சு, நான் கெட்டுப்போயிட்டேன்'னு தன்னத்தானே போட்டுக்கொடுக்கும். அதப் பாத்துத்தான் கொல்ற செல்லு வருது. செத்துப்போவோம்னு தெரிஞ்சும் மாட்டுது. மறைக்கிறது எது தெரியுமா? புத்துல சிலதுதான். அதுங்க அந்தத் துணுக்க வெளிய மாட்டவே மாட்டாதுங்க. அதனாலதான் மாட்டிக்காமத் தப்பிக்குதுங்க."

டெஸ் யோசித்தான். "அப்ப அந்தக் கட்டி திரும்பி வந்துடுமா?"

"தெரியாது. நெசமாவே தெரியாது. நிறுத்தினதுக்கு அப்புறமும் அந்தச் செல்லுங்க வேல செய்றத நாங்க நெறைய பேருகிட்டப் பாத்திருக்கோம். ஒரு தடவ பழகினது மறக்கிறதில்ல. ஆனா உங்க வீட்டம்மா விஷயத்துல என்ன ஆகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பொய்யாக ஆறுதல் சொல்லாததற்காகவே டெஸ்ஸுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. டீயைக் குடித்தான்.

ஸ்டீராய்டு முதலில் எடுபடவில்லை. நாய்கள் அந்தச் சொல்லுக்கும் திரும்பவில்லை. இன்னொரு பலமான மருந்தும் ஏற்றினார்கள். அந்த நாட்கள் முழுக்க டெஸ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவள் அவனோடு பேசவில்லை, ஆனால் போ என்றும் சொல்லவில்லை. காலையில் பண்ணைக்கு ஓடி நாய்களுக்குத் தீனி வைத்துவிட்டு, கதவருகே வந்து நிற்பான். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். மனுஷன் மெலிந்துபோனான். அவனுக்கு அவள் கோபம் பெரிதாகத் தெரியவில்லை. அவள் சொன்னது உண்மையாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவளைக் காப்பாற்றப் போய், அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததையே பிடுங்கிவிட்டோமோ?

ஒரு வழியாக வயிறு அடங்கியது. அன்று காலை நோலீன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "டஃபுக்குத் தீனி போட்டியா?"

"போட்டேன்."

"எவ்ளோ?"

"ரெண்டு கிண்ணம்."

"ஒண்ணுதான் போடணும். குண்டாக்கி விட்டுடாத. வாங்க வர்றவரு பன்னின்னு நெனச்சிக்கப்போறாரு."

டெஸ் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். அதைத் தாண்டி அவர்களுக்குள் சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. இங்கே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டீராய்டால் நோலீனின் முகம் பூசணிக்காய் போல உப்பியிருந்தது. பசியோ பசி. வேல் கொண்டுவந்த பழக் கேக் முழுவதையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, "மாவு வேகல" என்றாள். கோபம் மூக்குக்கு மேல் நின்றது. ஒரு நாள் டெஸ் துடைப்பத்தை மாட்டின இடம் சரியில்லை என்று அரைமணி நேரம் கத்தினாள். டெஸ் கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டான். மூன்று பண்ணைக்குக் கேட்கிற குரல் திரும்பிவிட்டதே என்று அவனுக்கு ஒரே ஆனந்தம்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹமீதி படத்தைத் திருப்பிக் காட்டினார். அக்குளில் கட்டி இல்லை. நுரையீரல் புள்ளிகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. ஈரலில் இருந்தது மட்டும் வளரவும் இல்லை, குறையவும் இல்லை, அப்படியே இருந்தது.

"டிரிப் இல்லாமயா?" என்று கேட்டாள் நோலீன்.

"இல்லாமத்தான். ரெண்டு டிரிப்புல கிளம்பின கூட்டம் இன்னும் உள்ள வேல செய்யுது."

"அந்த ஈரல்ல இருக்கிறது?"

"அதப் பாத்துக்கிட்டே இருக்கணும். அத அதுங்க இன்னும் முடிக்கலாம், முடிக்காமலும் போகலாம். மாசா மாசம் வாங்க. நடுவுல என்ன மாறினாலும் எங்களுக்குத் தெரியணும்."

திரும்பி வரும்போது நோலீன் வழியெல்லாம் மற்றவர்களுடைய வேலியைக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கேனைப் பற்றிச் சொன்னதெல்லாம் கட்டி போனதை மட்டும்தான், ஈரல் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த பண்ணை வேலிடம் போனில், "மோசமில்ல" என்றாள். டெஸ் அதைக் கேட்டுக்கொண்டே இரவுக்கு ஆட்டிறைச்சியை வறுத்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்து மேஜையருகே உட்கார்ந்தாள். தலைகூட வாரவில்லை. அவன் வைத்த தட்டைத் தொடவில்லை.

"வயிறு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ரத்தம் இல்ல. ஆனா நேத்துலேருந்து வலது விலாவுக்குக் கீழ என்னமோ இழுத்துப் பிடிக்குது. ராத்திரி தூங்கல. அது ஈரலா, இல்ல மனசுதான் அப்படிப் பண்ணுதான்னு தெரியல." மேஜைமேல் கிடந்த அவள் கை மூடித் திறந்தது. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, டெஸ்."

டெஸ் அடுப்பை அணைத்தான்.

"எனக்கும்தான்," என்றான். "பெர்னிகிட்டச் சொல்லிடவா?"

"நீ சொல்ல வேண்டாம்."

போனை எடுக்கப் போனவன் நின்றான்.

"நானே சொல்றேன்," என்றாள் நோலீன். "போனக் கொண்டா."

டெஸ் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.